விருந்தாளியிடம் கேட்கக்கூடாத கேள்வி

உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்கு இன்னும் மனதில் நிற்கவில்லை. ஆனால் நீங்கள் என்ன தப்புச் செய்வீர்கள் என்று மட்டும் நன்றாகத் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த மண்ணில் பிறந்து வழிகாட்டி வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தத் தப்பைச் செய்துதான் தீருவார்கள். வளர்ப்பு அப்படி.

வீட்டுக்கு ஆள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "வாங்க" என்கிறோம். குடும்பமாக வந்தால் பெரியவர், சிறியவர், தோளில் கிடக்கும் குழந்தை வரைக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக "வாங்க" என்கிறோம். ஒருவர் விட்டுப்போனால் அந்தப் பேச்சு அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓயாது. தண்ணீர் கொடுக்கிறோம். மழை பெய்ததா, தேங்காய் என்ன விலை போகிறது என்று கேட்கிறோம். சோறும் போட்டுவிடுகிறோம். ஆனால் "எதுக்கு வந்தீங்க?" என்று மட்டும் உயிர் போனாலும் கேட்க மாட்டோம். அப்படிக் கேட்டால் "ஏன் வந்தீங்க, எப்பப் போவீங்க?" என்று கேட்ட மாதிரி. வந்தவர் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருப்போம்.

நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதே பழக்கத்தோடு பயண அலுவலகத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வந்தவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி "இது வேணும்" என்பார். நாம் "சரிங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம். நம்மிடம் கோயில், மலை, கடை என்று சுற்றும் வேன் பயணம் இருக்கிறது. பழைய டவுனில் நடக்கும் நடைப் பயணம் இருக்கிறது. சாயங்காலச் சாப்பாட்டுச் சுற்று இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குக் கூட்டிப்போவதும் உண்டு. இவருக்கு எது என்று தேர்ந்து கொடுப்பதுதான் நம் தொழில். சீட்டுக் கிழிப்பதற்கு மெஷின் வந்துவிட்டது, அதற்கு நீங்கள் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கோயம்புத்தூர்ல பாக்க என்ன இருக்கு, ஊட்டிக்குப் போற வழிதானே" என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். உக்கடம் குளத்தங்கரையிலிருந்து டவுன்ஹால் வரைக்கும் என்னோடு நடந்து பார்க்கட்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, குஜராத்தி, எல்லாம் ஒரே நடையில் காதில் விழும். அந்த நடைப் பயணத்தை இந்த ஊரில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி நடத்திக் காட்டியவள் நான். பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. நாக்பூரிலிருந்து மராத்திக்காரர்கள், ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். நம் கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். எந்தப் பயணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கணவர் வேன் பயணத்தைக் கை காட்டியிருக்கிறார். அவர்கள் இருவருக்கு மட்டும் தனி வண்டி என்று சொல்லிவிட்டார்கள். வழிகாட்டியாக என்னைப் போட்டார்கள். ஓட்டுநர் பழனிச்சாமி, சொந்த ஊர் கிணத்துக்கடவு. வண்டியைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஓட்டுவார், வாய்தான் கொஞ்சம் நீளம்.

முதலில் பேரூர் கோயில். அங்கே மண்டபத்துச் சிற்பங்களுக்கு முன்னால் நான் பேசினால் வேறு கூட்டத்தில் இருப்பவர்கள்கூட நகர்ந்து வந்து நிற்பார்கள். ஜவுளிக்கடைச் சேட்டு வீடுகளில் பழகிய இந்திதான், ஆனாலும் தடங்கலில்லாமல் வரும். கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சிற்பத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே பூக்கடைக்காரி ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணோடு என்ன பேசுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் கொஞ்சம் ரோஷம் வந்தது. இவ்வளவு சொல்கிறேன், பூக்கடையை வேடிக்கை பார்க்கிறாளே என்று.

வண்டியில் ஏறியதும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இந்த ஊரில் நல்ல கோதுமை மாவு கிடைக்குமா என்பது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றிப் பார்க்க வந்தவள் கோதுமை மாவைப் பற்றிக் கேட்பாளா? இங்கே குடியிருக்கப் போகிறவள் கேட்பாள். இல்லையென்றால் குடியிருக்கப் போகிறவளைப் பெற்றவள் கேட்பாள்.

அடுத்தது மருதமலை. நான் பழனிச்சாமியிடம் மலை வேண்டாம், உக்கடத்துக்கு விடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சீட்டில் போட்டிருப்பதை மாற்றினால் ஆபீஸில் கேட்பார்களே என்று அவருக்குக் கவலை. கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

உக்கடத்தில் எனக்குப் பழக்கமான மெஸ் ஒன்று உண்டு. அங்கே இருவரையும் உட்கார வைத்தேன். தண்ணீர் வைத்தேன். இலை போட்டார்கள். அவர்கள் பாதிச் சாப்பாட்டுக்கு வரும் வரைக்கும் நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காமல் எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே உங்களுக்கு நான் சொல்ல வந்தது. என் மகளை ஒசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று பொதுவாகப் பேச்சை ஆரம்பித்தேன். முதல் தடவை அந்த ஊருக்குப் போனபோது எனக்குக் கோயிலும் தெரியவில்லை, குளமும் தெரியவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார் என்றும் சொன்னேன்.

அந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லாம் வந்தது.

ஒரே மகள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் வீடு கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. வேறு சாதி, வேறு மொழி, வேறு சாப்பாடு. மறுநாள் இவர்கள் முறைப்படி பையன் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மகளிடம்கூடச் சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கியிருக்கிறார்கள். நாளைக்குச் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்லியாக வேண்டும். அந்த அம்மாளுக்கு வேண்டாமென்று சொல்லத்தான் மனது.

"நாளைக்கு எல்லாரும் நல்லபடியாகத்தான் இருப்பார்கள். இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வந்தேன். என் மகள் இங்கே தனியாகிவிடுவாளா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்" என்றாள்.

நான் கை கழுவப் போனபோது பழனிச்சாமி பின்னாலேயே வந்தார். அவருக்கு இந்தி தெரியாது. ஆனால் கிணத்துக்கடவு என்பதும் பையனின் அப்பா பெயரும் காதில் விழுந்துவிட்டது. அந்தத் தோட்டத்தை அவருக்கு நன்றாகத் தெரியுமாம். கையில் போனை எடுத்துவிட்டார்.

"அக்கா, ஒரு போன் போட்டுச் சொல்லிப்போட்டா அவங்களே காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. சம்பந்தம் பேச வந்தவங்கள இப்படி மெஸ்ஸுல சாப்புட உட்டேன்னு நாளைக்குத் தெரிஞ்சா, ஊருக்குள்ள என்ற மானம் போயிருமுங்க."

"அவங்க நம்மள நம்பிச் சொன்னதுங்க, பழனிச்சாமி. போன உள்ள வைங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் ஊர் முறைப்படி பார்த்தால் அவர் பக்கம்தான் சரி. ஆனால் பயணத்தில் விருந்தாளி சொன்னது வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அவர் முனகிக்கொண்டே போனைப் பையில் போட்டார்.

அடுத்த சோதனை கணவரிடமிருந்து வந்தது. ஓட்டுநர் கிணத்துக்கடவுக்காரர் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பழனிச்சாமியும் சொல்லத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் மொழிபெயர்க்க மாட்டேன் என்றேன். "அவர் வண்டி ஓட்ட வந்தவர், நான் ஊரைக் காட்ட வந்தவள். நாங்கள் கல்யாணத் தரகர்கள் இல்லை. அந்தக் குடும்பம் நல்ல குடும்பம் என்று இவர் சொன்னால் நீங்கள் நம்பப்போகிறீர்களா?" என்று கேட்டேன். நம்ப மாட்டேன்தான் என்றார் அவர். நேர்மையான மனிதர்.

இப்போது எதைக் காட்டுவது? தம்பிகளா, அம்மணிகளா, இந்த இடத்தில் என் கை எவ்வளவு துறுதுறுத்தது தெரியுமா? ஆர்.எஸ்.புரத்தின் மர நிழல் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றலாம். பெரிய மால், பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி வாசல் என்று வரிசையாகக் காட்டலாம். என் ஊரைப் பற்றி ஒரு தாய் சந்தேகப்படுகிறாள் என்றால் எனக்குப் பொறுக்குமா? வாயைத் திறந்தால் பொழுது சாயும் வரைக்கும் பேசுவேன். ஆனால் அவள் ஊர் அழகா என்று கேட்கவில்லை. மகள் தனியாகிவிடுவாளா என்று கேட்டாள். அதற்கு மாலில் பதில் கிடைக்காது.

நகைப் பட்டறைத் தெருக்களில், தங்கம் உருக்கிச் சுத்தம் செய்து கொடுக்கும் மராத்திக் குடும்பங்கள் இருக்கின்றன. சாங்லிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேர் விட்டவர்கள். அங்கே சுனந்தா என்று ஒருத்தி. கல்யாணமாகி இங்கே வந்தபோது ஒரு சொல் தமிழ் தெரியாது. இப்போது நம்மைவிட நன்றாக "ங்க" போடுவாள். என் நடைப் பயணக் கூட்டத்துக்கு வெயில் காலத்தில் தண்ணீர் கொடுப்பாள். அந்த அம்மாளிடம் கேட்டு, அவர் சரியென்ற பிறகு அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"கூட்டிட்டு வாங்க அக்கா. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேனுங்க" என்றாள்.

"பொய் சொல்றதா இருந்தா நானே சொல்லிருப்பனே. உன்ற ஊட்டுக்கு எதுக்கு வாரேன்?" என்றேன்.

குளத்தங்கரையில் இறங்கி நடந்தோம். வாய் ஓயாத நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கோட்டைமேட்டுப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் தெலுங்கில் பேசி, கடைப் பையனைத் தமிழில் திட்டி, போனில் மனைவியோடு கன்னடத்தில் பேசினார். நான் ஞாயிற்றுக்கிழமை போகும் தேவாலயத்து வாசலில் கல்யாணத்துக்குப் பூத்தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கடையில் நின்று கோதுமை மாவை விரலில் தொட்டுப் பார்த்தாள்.

சுனந்தா வாசலுக்கே வந்து மராத்தியில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாளின் தோள் அப்படியே இறங்கியது. இருவரும் உள்ளே போனார்கள். நானும் கணவரும் தெருவில் நின்றோம். எனக்கு மராத்தி தெரியாது. உள்ளே சுனந்தாவின் குரல் உயர்ந்தது. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது, யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. கணவர் உள்ளே போகப் பார்த்தார். வேண்டாம், இருங்கள் என்று தடுத்தேன். தடுத்தேனே தவிர எனக்கும் பயம்தான். சுனந்தா சொல்லும் உண்மையைக் கேட்டு இந்த அம்மாள் வேண்டாமென்று எழுந்துவிட்டால்? முகம் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுத்தவளாவேனே. உள்ளே போய் நாலு நல்ல வார்த்தை சொல்லலாமா என்று கால் எடுத்தேன். பிறகு அங்கேயே நின்றுகொண்டேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ நன்றாகப் பேசியிருக்கிறேன், கைத்தட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தெருவில் பேசாமல் நின்றதைத்தான் நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. சுனந்தா என்னிடம் தமிழில் சொன்னாள்: "எல்லாத்தையும் சொல்லிப்போட்டேனுங்க அக்கா. மொத ரெண்டு வருசம் அழுதது, பாஷை புரியாம பைத்தியமாட்டத் திரிஞ்சது, பிரசவத்தப்பப் பக்கத்து ஊட்டுக்காரங்க கூடவே இருந்து என்னையப் பாத்துக்கிட்டது, எல்லாமுங்க. இனி அவங்க பாடு."

வண்டியில் ஏறிய அந்த அம்மாள், கிணத்துக்கடவு எவ்வளவு தூரம், இப்போதே போக முடியுமா என்று கேட்டாள். கணவர் திகைத்துப்போனார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தூரத்தில் நின்று வீட்டை எட்டிப் பார்ப்பது, பக்கத்துத் தோட்டத்தில் விசாரிப்பது, அதற்கெல்லாம் நான் வழிகாட்ட மாட்டேன். வாசலில் நின்று யாரென்று சொல்லிவிட்டு உள்ளே போவதானால் வருகிறேன் என்றேன். சம்மதித்தாள். பழனிச்சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொள்ளாச்சி ரோட்டில் அன்றைக்கு ஓட்டிய மாதிரி அவர் என்றைக்கும் ஓட்டியதில்லை.

தோட்டத்து வாசலில் எனக்கு ஒரு கணம் கால் தயங்கியது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் குடும்பம் இப்படிப்பட்ட தோட்டங்களில் கூலி வேலை பார்த்த குடும்பம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் இந்த மாதிரி வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஆனால் அன்றைக்கு நான் வழிகாட்டி. வழிகாட்டி முன்னால்தான் நடக்க வேண்டும். முன்னால்தான் நடந்தேன்.

பையனின் அம்மா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மறுநாள் விசேஷத்துக்காக வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். காலெல்லாம் சேறு. ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரங்கள் தேய்ப்பதற்காகக் குவிந்து கிடந்தன. நான் போய், நாக்பூரிலிருந்து வந்திருக்கிறார்கள், நாளைக்கு வர வேண்டியவர்கள் என்றேன். கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது. ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார், அந்த அம்மாளைப் பார்த்து "வாங்க" என்றார். கணவரைப் பார்த்து "வாங்க" என்றார். பழனிச்சாமியை "வா கண்ணு" என்றார். என்னைப் பார்த்து "வாங்க அம்மணி, உள்ள வாங்க" என்றார்.

உட்கார வைத்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் தண்ணீர் வந்தது, பின்னாலேயே மோரும் வந்தது. ரயில் பயணம் சௌகரியமா, வெயில் எப்படி என்று என் மூலமாகக் கேட்டார். ஏன் இன்றைக்கே வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தார்.

அந்த அம்மாளால் அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. தானாகவே பேசினாள். நான் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "உங்களுக்குச் சொல்லாமல், மகளுக்கும் சொல்லாமல் உங்கள் ஊரை வேவு பார்க்க வந்தேன். காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரே மகள். தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். பழனிச்சாமி தூணோரம் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

"நானும் போன மாசம் சரவணம்பட்டிக்கு பஸ் ஏறிப் போனனுங்க" என்றார் அவர், குனிந்த தலையோடு. "என்ற பையனுக்குத் தெரியாது. ஊட்டுக்காரருக்கும் தெரியாது. உங்க பொண்ணு ஆபீஸுக்கு எதுத்தாப்புல பேக்கரியில உக்காந்து பாத்துப்போட்டுத்தானுங்க வந்தேன். வேற பாஷைக்காரப் புள்ள, நம்மகூட ஒட்டுமான்னு எனக்கும் பயமுங்க. பொண்ணு அங்கதான் தேங்காப் பன்னு சாப்புட்டுட்டே போன்ல யாரோடயோ சண்டை கட்டிட்டு இருந்துது. பாஷை ஒண்ணும் புரியல. ஆனா பேசறது அவங்கம்மாகூடத்தான்னு தெரிஞ்சுபோச்சுங்க. அம்மாகிட்ட மட்டுந்தானுங்க பொட்டப் புள்ளைங்க அப்படிச் சண்டை கட்டும். செரி, நம்மூட்டுக்கும் இப்படித்தான் ஒண்ணு வேணும்னு எந்திரிச்சு வந்துட்டனுங்க."

நான் இந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் பையனின் அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டு, தன்னிடம் மகள் எப்படியெல்லாம் சண்டை போடுவாள் என்று மராத்தியில் ஆரம்பித்துவிட்டாள், இந்தியைக்கூட மறந்துபோய். இவர் "ஆமாங், ஆமாங்" என்று தன் மகனைப் பற்றித் தமிழில் குறை சொன்னார். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, எனக்குக் கொடுத்த மோரை எடுத்துக் குடித்தேன்.